குளிசைப் போத்தல்

உப்புவெளிக் கரையில் பாதிப் பேர் என்னை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மீதிப் பேர் என் கோபத்துக்குப் பயந்து, அண்ணை என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரடி தள்ளி நிற்பார்கள். நான் டொக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மீன்பிடி வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துகிறவன். டொக்டர் பட்டம் எனக்குக் கிடைத்தது பட்டறை மேசையில் இருந்த ஒரு ஜாம் போத்தலால்.

போத்தல் நிறையக் குளிசைகள். சிவப்பும் மஞ்சளும், சிவப்பும் கறுப்பும், நீலமும் வெள்ளையும். எல்லாம் யாரோ தின்று முடிக்காமல் விட்ட அன்ரிபயோட்டிக். ஐந்து நாளைக்குக் கொடுத்ததை எங்கள் ஆட்கள் இரண்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். காய்ச்சல் விட்டபிறகு குளிசை எதற்கு? ஆனால் மிச்சத்தை எறியவும் மனம் வராது. "அண்ணையின்ர போத்தலுக்குள்ளை போடுவம், ஆருக்கும் உதவும்" என்று கோயிலுக்கு எண்ணெய் கொடுக்கிற பக்தியோடு கொண்டுவந்து தருவார்கள்.

உதவத்தான் செய்தது. தூண்டில் குத்தினவன், மீன் முள் ஏறினவன், வலைக்கயிறு கையை அறுத்தவன் எல்லாரும் நேரே என்னிடம் வருவார்கள். ஒரு குளிசையை எடுத்து, கூட்டை இரண்டாய்ப் பிரித்து, உள்ளே இருக்கிற தூளைப் புண்ணில் கொட்டுவேன். மறுநாள் பார்த்தால் மேலே காய்ந்து பொருக்குக் கட்டியிருக்கும். கிண்ணியாவிலிருந்து எஞ்சின் கொண்டுவருகிறவர்கள், புல்மோட்டையிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லாருக்கும் என் கைவைத்தியம் தெரியும். எஞ்சின் திருத்தக் காசு வாங்குவேன், தூளுக்கு வாங்கமாட்டேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

பிறகு என் சொந்த எஞ்சின் பழுதானது. கடற்கரை மணலில் நடந்து வீதிக்கு ஏறுவதற்குள் யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்ததுபோல் இருந்தது. பரிசோதித்தார்கள். இதயத்துக்குப் போகிற இரத்தக் குழாய் மூன்றில் அடைப்பு. காலிலிருந்து ஒரு இரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றிப் புதுவழி தைத்துவிடவேண்டும் என்றார்கள்.

"காலிலை கிடக்கிற குழாய் நெஞ்சுக்குச் சரிவருமோ?" என்று கேட்டேன்.

"வரும். காலை மட்டும் கவனமா வைச்சிருங்கோ" என்றார் கிளினிக் டொக்டர். சத்திரசிகிச்சை மலைநாட்டில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில். திகதி கிடைக்க ஒன்றரை வருசம் காத்திருந்தேன்.

அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் பிறகு செய்த மூளைகெட்ட வேலை யாருக்கும் விளங்காது. மாதாமாதம் கிளினிக்குக்குப் போவேன். வாங்கில் என் பக்கத்தில் எப்போதும் கந்தளாயிலிருந்து வருகிற ஒருவர் இருப்பார். அவருக்கும் இதே வருத்தம், இதே காத்திருப்பு. வெற்றிலை போட்டுக்கொண்டு நல்லாய்க் கதைப்பார். என் மனைவிக்கு வீட்டுத் தோட்டத்து எலுமிச்சங்காய் கொண்டுவந்து தருவார். ஒரு மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதம் அவருடைய மகன் கிளினிக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். திகதி வர முன்னமே அவர் செத்துப்போயிருந்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நல்ல பயம்.

ஒருநாள் தொலைபேசியில் திகதி வந்தது. இன்னும் இரண்டு கிழமை. அயலட்டைக்கெல்லாம் சொன்னேன். மூன்றாம் நாள் புல்மோட்டைக்காரர் ஒருவர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார். பாரம் தூக்கக்கூடாது என்று எனக்குக் கட்டளை. நான் தூக்கவில்லை, பிடிக்கத்தான் போனேன். எஞ்சின் வழுக்கி, அதன் விசிறித் தகடு இடது காலின் உள்பக்கம், கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே கிழித்துவிட்டது. குழாய் எடுக்கிறதற்கென்று டொக்டர் தொட்டுக் காட்டிய அதே இடம்.

பட்டறை டொக்டர் என்ன செய்தார்? போத்தலைத் திறந்தார். இரண்டு குளிசைத் தூளைப் புண்ணில் கொட்டினார். தெம்புக்கு வாயிலும் போட்டார், காலையில் சிவப்பு, பின்னேரம் நீலம். நாலாம் நாள் பொருக்குக் கட்டியது. மேலே பார்க்க அழகான பொருக்கு.

"இஞ்சாருங்கோ, ஆஸ்பத்திரிக்கு ஒருக்கால் கோல் எடுத்துச் சொல்லுவம்" என்றாள் மனைவி.

"சொன்னால் திகதி போயிடும். உனக்கென்ன விசரோ?"

"கால் வீங்கியிருக்கு."

"வீங்கேல்லை. என்ர கால் அப்பிடித்தான். வாயைப் பொத்திக்கொண்டு இரு."

அவள் வாயைப் பொத்துகிற இனம் இல்லை. தபால் கந்தோரில் முப்பது வருசம் யன்னலுக்குப் பின்னால் இருந்தவள். பிழையாய் நிரப்பின படிவத்தை எந்தப் பெரிய மனிதர் நீட்டினாலும் திருப்பித் தள்ளிவிடுவாள். ஆனால் மிச்சமிருந்த நாளெல்லாம் ஒன்றும் சொல்லாமல் என் உடுப்பை மடித்து வைத்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாள் நான் சப்பாத்தும் காலுறையும் போட்டேன். கலியாணத்துக்குப் பிறகு காலுறை போட்டது அன்றைக்குத்தான். வாட்டில் ஒரு மிஸி, நேர்ஸ்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கேட்டார். எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா? இல்லை. சொத்தைப் பல் இருக்கிறதா? இல்லை. உடம்பில் எங்காவது புண், காயம்? இல்லை. கடந்த ஒரு மாதத்துக்குள் அன்ரிபயோட்டிக் ஏதும் சாப்பிட்டீர்களா? இல்லவே இல்லை. மிஸி எழுதிக்கொண்டே போனார்.

"மிஸி," என்றாள் என் பின்னால் நின்ற மனைவி. "அவர் பொய் சொல்லுறார். காலுறையைக் கழட்டச் சொல்லுங்கோ."

என் வாழ்நாளில் நான் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. "நீ எனக்கு மனிசி இல்லையடி, யமன்!" என்று கத்தினேன். வாட்டில் இருந்த நோயாளிகள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலுறையைக் கடைசியில் மிஸிதான் கழற்றினார்.

வாட்டு டொக்டர் வந்தார். என் மகள் வயதிருக்கும், மலைநாட்டுப் பெண். சுவாசக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. ஈரப் பஞ்சால் பொருக்கை மெல்ல ஊறவைத்துத் தூக்கினார். கீழே இருந்து மஞ்சளாய்ச் சீழ் வந்தது. நாற்றமும் வந்தது.

"மற்றக் காலிலை எடுங்கோவன், டொக்டர்" என்றேன் மெதுவாய்.

"ஐயா, நெஞ்சைத் திறந்து வைச்சிருக்கிற நேரம் உடம்புக்குள்ள இப்பிடி ஒரு புண் இருக்கக் கூடாது. கிருமி இரத்தத்தோட போய் நெஞ்செலும்பில இருந்திட்டா, அடைப்பை விட அது மோசம்." புண்ணிலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் தொட்டுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். எனக்கு வைத்திருந்த திகதி அன்றைக்கே வேறொரு ஆளுக்குப் போனது. அந்த ஆளை நான் கண்டேன். கட்டிலில் எழுந்திருந்து கடவுளைக் கும்பிட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாய் வந்தது.

திரும்பி வரும்போது மனைவி பஸ்ஸில் முன்னால் இருந்தாள், நான் இரண்டு ஆசனம் பின்னால். வீடு வந்து சேரும்வரை ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் குசினிச் சுவரைப் பார்த்து, "தேத்தண்ணி" என்பேன். சுவர் ஊற்றித் தருகிற மாதிரி. அவள் கொண்டுவந்து கதிரைக் கையில் வைத்துவிட்டுப் போவாள்.

ஐந்தாறு நாளில் அந்த வாட்டு டொக்டரே கோல் எடுத்தார். சோதனையில் ஒரு கிருமி வந்திருக்கிறதாம். புண்ணிலும் இருக்கிறது, மூக்குக்குள்ளும் குடியிருக்கிறது. வழக்கமான மருந்துகளுக்குச் சாகாத சாதி.

"வெட்டுறதுக்கு முதல் எல்லாருக்கும் ஒரு அன்ரிபயோட்டிக் ஊசி போடுவம், ஐயா. கத்தி தோலில படுற நேரம் மருந்து சதைக்குள்ள போய் நிக்கணும். அதுக்குத்தான் அந்த ஊசி. உங்களுக்கு வழக்கமானதைப் போட்டிருந்தா வெறும் தண்ணியை ஏத்தின மாதிரித்தான். நல்ல காலம், உங்க வீட்டம்மா சொன்னாங்க."

எனக்கு உடனே விளங்கியது. எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே ஒயில் உள்ளே போயிருக்கவேண்டும். தேய்ந்தபிறகு ஊற்றி என்ன? அதுவும் ஒயில் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றினால்?

"என்ன குளிசை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். போத்தல் கதையைச் சொன்னேன். "உங்களுக்கு இது எங்க இருந்து தொத்தினதெண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா அரைகுறையாச் சாப்பிட்டு, தூளைப் புண்ணில போட்டு, இப்பிடித்தான் கிருமிக்குப் பழக்கிக் குடுக்கிறம். லேசான கிருமி செத்துப்போகும், முரட்டுக் கிருமி மிஞ்சும்." பிறகு கேட்டார்: "அந்தப் போத்தலால எத்தனை பேருக்குக் குடுத்திருப்பீங்க, ஐயா?"

கை விரல்களில் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்கள், அந்த இடத்திலேயே இவன் எழும்பிப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பான் என்று நினைப்பீர்கள். நினைக்காதீர்கள். விளங்கிவிட்டதுதான், ஆனால் வாய் வரவில்லை. அவள் சரி என்றால் நான் என்ன? முப்பது வருசத்து டொக்டர் என்ன? வெட்கம் வந்தால் எனக்கு அது கோபமாய்த்தான் வெளியே வரும், பிறவிக் குணம். தினமும் புண்ணுக்கு மருந்து கட்ட அவள் என்னைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முச்சக்கரவண்டியில் அவள் அந்தக் கரை, நான் இந்தக் கரை. சோதனைப் பேப்பரைப் பார்த்து மருந்து தந்தார்கள். அதை நாள் தவறாமல் கடைசிக் குளிசைவரை விழுங்கினேன். என் ஆயுளில் நான் முழுதாய் முடித்த முதல் மருந்து அதுதான்.

இடையில் ஒருநாள் கிண்ணியாக்காரர் ஒருவர் உள்ளங்கையில் தூண்டில் கிழித்த காயத்தோடு பட்டறைக்கு வந்தார். "அண்ணன், கொஞ்சம் தூள் போடுங்க" என்று கையை நீட்டினார். என் கை பழக்கத்தில் போத்தல் மூடிக்குப் போய்விட்டது. பிறகு இழுத்துக்கொண்டேன். "முடிஞ்சுது" என்றேன். போத்தல் அரைவாசி நிறைந்து அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஆறு கிழமை கழித்துத் திரும்பவும் கூப்பிட்டார்கள். புண் ஆறியிருந்தது. ஐந்து நாள் மூக்குக்குள் களிம்பு பூசினார்கள். இளஞ்சிவப்பு மருந்துத் திரவத்தால் தலையிலிருந்து கால்வரை குளிக்கச் சொன்னார்கள். எஞ்சினைத் திறக்க முன்பு நான் வெளிப்பக்கத்தை இப்படித்தான் கழுவுவேன், அதனால் முறைப்பாடு இல்லை. சத்திரசிகிச்சை நாள் காலையில், எல்லாருக்கும் போடுகிற ஊசியோடு இன்னொரு மருந்தையும் எனக்கென்று கொண்டுவந்தார்கள். அவசரமாய் ஏற்றக்கூடாத மருந்தாம். சேலைனோடு சொட்டுச் சொட்டாய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஏறியது. மிஸி மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினார். மனைவி வாட்டு வாசலில் நின்றாள். தள்ளிக்கொண்டு போகும்போது அவளைப் பார்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

பிழைத்தேன். அதை இழுத்துச் சொல்லப் போவதில்லை. கண் விழித்தபோது வாயில் குழாய் இருந்தது. குழாயை எடுத்ததும் நான் சொன்ன முதல் சொல், "தண்ணி."

மூன்றாம் நாள் என்னை வாட்டுக்கு மாற்றினார்கள். நெஞ்சில் ஒரு நீளத் தையல், இடது காலில் கணுக்காலிலிருந்து தொடைவரை இன்னொன்று. அன்றைக்குக் காலையில் மிஸி வந்து அன்ரிபயோட்டிக் சேலைனைக் கழற்றிவிட்டார்.

"ஏன் நிப்பாட்டுறீங்கள்? புண் இன்னும் காயேல்லையே!"

"அது வெட்டுற நேரத்துக்கான காவல், ஐயா. அந்த வேலை முடிஞ்சுது. கூடக் குடுத்தாக் கூடக் காவல் இல்லை. திரும்பவும் கிருமியைப் பழக்குறதுதான். இனித் தையலைச் சுத்தமா வைச்சிருந்தாப் போதும்."

தலையை ஆட்டினேன். அவர் போனதும் பயம் பிடித்தது. இவ்வளவு பெரிய வெட்டு, மருந்து ஒன்றும் இல்லாமலா? பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் மனைவி வந்தாள். "அந்தப் பைக்குள்ளை சவர்க்காரப் பெட்டி கிடக்கு, எடு" என்றேன். ஆறு கிழமைக்குப் பிறகு சுவரைப் பாராமல் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பெட்டியை எடுத்தாள். பாரமில்லாமல் இருந்ததாலோ என்னவோ, திறந்தாள்.

உள்ளே எட்டுக் குளிசை. சிவப்பும் மஞ்சளும். ஓம், அவ்வளவு கேட்டும் நான் கொண்டுவந்தனான். போத்தலைப் பூட்டிய அதே கையால்தான் எடுத்தும் வைத்தேன். காலில் தூவலாம் என்று நினைத்திருந்தேன்.

அவள் கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. முப்பது வருசத்தில் நான் அவள் அழுது கண்டது இரண்டு முறை, இரண்டும் செத்தவீடு. இப்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஆறு கிழமை," என்றாள். "விடிய எழும்பினவுடனை நான் முதல் பாக்கிறது உங்கட நெஞ்சைத்தான். ஏறி இறங்குதோ எண்டு. அந்தக் கந்தளாய் ஐயா காத்திருந்து போனவர்தானே? நீங்களும் அப்பிடிப் போயிருந்தால்? திகதியைக் கெடுத்தது நான்தானே? யமன் எண்டு சொன்னீங்கள். சொல்லிப்போட்டு ஒரு கதையும் இல்லை. அப்பிடியே நீங்கள் போயிருந்தால் எனக்குக் கடைசியா மிஞ்சிறது அந்தச் சொல் ஒண்டுதான். அதை வைச்சுக்கொண்டு நான் எப்பிடி இருக்கிறது?"

எனக்கு நெஞ்சு நொந்தது. தையலால் இல்லை. ஒன்றரை வருசம் நான் என் சாவுக்கு மட்டும்தான் பயந்திருந்தேன். அந்த ஆறு கிழமையும் அதே பயத்தை அவள் தனியாய்ச் சுமந்தாள், அதுவும் பழியோடு. சுவரைப் பார்த்து நான் தேத்தண்ணி கேட்ட ஒவ்வொரு காலையும் அவள் என் நெஞ்சு ஏறி இறங்குவதை முதலில் பார்த்திருக்கிறாள்.

"பிழை என்னிலை. என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். அப்படி நான் யாரிடமும் சொன்னவன் இல்லை.

அவள் கண்ணைத் துடைத்தாள். பெட்டியை என் கையில் வைத்தாள். "முதல் இதை நீங்களே மிஸியிட்டைக் குடுங்கோ. பிறகு பாப்பம்."

கொடுத்தேன். மிஸி எட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன்.

இப்போது பட்டறைக்குத் திரும்பிவிட்டேன். பாரம் தூக்குவதில்லை, பிடிக்கவும் போவதில்லை. போத்தலைத் திருகோணமலை ஆஸ்பத்திரி மருந்துப் பகுதியில் அப்படியே ஒப்படைத்தேன். ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தூளுக்குப் பதிலாய் என் கதையைச் சொல்லி அனுப்புகிறேன். போன கிழமை அதே கிண்ணியாக்காரர் வீட்டுக்கே வந்தார். உள்ளங்கை ஆறியிருந்தது. இப்போது கால் பெருவிரல். "அண்ணன், தூள் இருக்கா, இல்ல இன்னும் முடிஞ்சுதானா?" என்று சிரித்தார்.

"இருங்கோ," என்று கதிரையைக் காட்டினேன். அன்றைக்குப் பொய் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைக் காட்டினேன். காலுறை, பொருக்கு, சீழ், சாகாத கிருமி, சொட்டுச் சொட்டாய் ஏறின மருந்து எல்லாம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, நானும் வாறன்" என்று எழும்பினேன்.

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "முழுசாய்ச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

இத்தனை பேருக்குச் சொன்ன கதையில் ஒவ்வொரு முறையும் நான் எதை விட்டுவிடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். திரும்பவும் கதிரையில் இருந்தேன்.

"ஒண்டு விட்டுப்போச்சு," என்றேன் அவரிடம். "என்னைக் காப்பாத்தின மனிசியோடை நான் ஆறு கிழமை கதைக்கேல்லை."